ஒரே தொண்டையில் இரண்டு பேர்

குழந்தைகளுக்குக் குரல் கொடுப்பது என் தொழில். திரையில் ஆறு வயதுப் பையன் விக்கி விக்கி அழுவான். அந்த விக்கல் ஒரு நடுத்தர வயதுப் பெண்ணின் தொண்டையிலிருந்து வந்திருக்கும். தமிழ் சினிமாவில் இது நெடுநாள் வழக்கம். கேமரா முன்னால் அழகாக நடித்துவிட்ட குழந்தைக்கு, இருட்டான டப்பிங் தியேட்டரில் நின்று, படப்பிடிப்பில் பதிவான பைலட் டிராக்கை ஹெட்போனில் கேட்டு, திரையில் தன் உதடு திறக்கும் அதே நொடியில் வசனத்தைப் பிடிக்க வராது. சில குழந்தைகளுக்கு வரும். அவர்கள் அபூர்வம். மற்றபடி எங்களைத்தான் கூப்பிடுவார்கள். நான் போன பல இடங்களில் கால்ஷீட்டில் 'சைல்டு வாய்ஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும். பெயர் இருக்காது.

நான் வந்த காலத்தில் லூப் முறை இருந்தது. காட்சியைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கிப் புரொஜெக்டரில் மாட்டிவிடுவார்கள். ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஓடும். பார்த்துப் பார்த்து உதட்டசைவை மனப்பாடம் செய்துகொண்டு, எல்லோரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பேசவேண்டும். ஒருவர் தடுமாறினால் அத்தனை பேருக்கும் மறுபடி முதலிலிருந்து. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அவரவர் தனித்தனியாக வந்து தன் டிராக்கைப் பேசிவிட்டுப் போகலாம் என்றாயிற்று. வேலை சுலபமானது. ஆனால் எனக்குப் பதில் சொல்லும் ஆள் பக்கத்தில் இல்லாமல் போனார். வெற்றிடத்தைப் பார்த்துப் பேசுவது, அங்கிருந்து யாரோ பதில் சொன்னதைக் கேட்டதுபோல மூச்சு வாங்குவது, பிறகு அந்தப் பதிலுக்குச் சிரிப்பது என்பது எங்கள் அன்றாட வேலை ஆயிற்று. கண்ணுக்குத் தெரியாத நண்பனோடு விளையாடும் குழந்தை செய்வதும் இதையேதான். அந்த வகைப் பேய்ப்படங்களுக்கு அழைப்பு வந்தால் நான் மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிட்டுப் போனதற்குக் காரணம் அதுதான்.

குழந்தைக் குரல் என்றால் கீச்சென்று பேசுவது என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். கீச்சென்று பேசினால் கார்ட்டூன் ஆகிவிடும். குரலின் உயரத்தைவிட மூச்சின் அளவுதான் வயதைக் காட்டும். குழந்தையின் நெஞ்சு சிறியது. நீண்ட வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்காது. "அம்மா நான் இன்னிக்கி ஸ்கூல்ல" என்று சொல்லிவிட்டு ஒரு இழுப்பு, "மிஸ்ஸுகிட்ட" என்று சொல்லிவிட்டு இன்னொரு இழுப்பு, சில சமயம் சொல்லுக்கு நடுவிலேயே ஒரு இழுப்பு. சொல்ல வந்தது பெரிது, காற்று கொஞ்சம். அந்த அவசரம் இருந்தால்தான் குழந்தை. குரலைத் தொண்டையின் அடியிலிருந்து எடுக்காமல் வாயின் முன்பக்கத்துக்குக் கொண்டுவரவேண்டும். நாக்கு முன்பல்லுக்கு அருகிலேயே நிற்கவேண்டும். அழும்போது மூக்கடைக்கவேண்டும். வயிறு குலுங்கினால் பெரியவர்கள் அழுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இந்த மூச்சுக் கணக்கை நான் கற்றது கோடம்பாக்கத்தில் இல்லை, பெரியபாளையத்தில். ஆரணியாற்றங்கரையில் பவானி அம்மன் கோவில் இருக்கும் ஊர் என்று சொன்னால் வடதமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆடி பிறந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் கொள்ளாது. சென்னையிலிருந்தும் ஆந்திரப் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். பொங்கல் வைப்பார்கள், மொட்டை போடுவார்கள், துணிக்கு மேல் வேப்பிலையைச் சேலையாகச் சுற்றிக்கொண்டு கோவிலை வலம் வருவார்கள். எங்கள் வீட்டில் மஞ்சளும் குங்குமமும் வேப்பிலைக் கட்டும் விற்றோம். கடைக்கு முன்னாலேயே பம்பையும் உடுக்கையும் ஒலிக்கும். அருள் வந்து ஆடும் பெண்களைச் சிறுவயதிலிருந்தே இரண்டடி தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மற்ற பிள்ளைகள் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். என் காது மூச்சிலேயே இருக்கும். முதலில் கொட்டாவி வரும். ஒன்று, இன்னொன்று, பிறகு தொடர்ந்து. அதன் பின் மூச்சு மேலே ஏறித் தொண்டையில் நிற்கும். அந்த நிறுத்தத்துக்குப் பிறகுதான் வேறொரு குரல் வரும். சத்தம் கூடிக் குரல் மாறுவதில்லை, மூச்சு நின்று மாறுகிறது. கோடம்பாக்கத்தில் எனக்குச் சோறு போட்ட வித்தை இதுதான்.

எங்கள் அம்மனின் கதையிலும் ஒரு குழந்தை பேசுகிறது. கண்ணனுக்கு மாற்றாகக் கொண்டுவந்து வைக்கப்பட்ட பெண் சிசுவைக் கம்சன் கொல்லத் தூக்குகிறான். அது கைநழுவி வானத்தில் ஏறி நின்று அவனோடு பேசுகிறது. அந்த மாயையே பவானியாக வந்து இந்த ஆற்றங்கரையில் அமர்ந்தாள் என்பது தலபுராணம். பிறந்த குழந்தை பேசினால் அதன் குரல் எப்படி இருக்கும் என்று சின்ன வயதில் நான் எங்கள் ஆயாவைக் கேட்டிருக்கிறேன். "அம்மா கொரலு மாரியே இருக்கும்" என்றாள் ஆயா. இன்றுவரை அதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட மண்ணில் குழந்தைக்கு மட்டும் தெரிகிற துணை என்பது வெகுகாலம் நல்ல துணையாகத்தான் சினிமாவில் வந்தது. 1984இல் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் 3டி படம். நவோதயா அப்பச்சன் தயாரித்து, அவர் மகன் ஜிஜோ இயக்கியது. பூதத்தைக் கட்டி வைத்திருக்கும் மந்திரவாதிக்கு அது அடிமை. குழந்தைகளுக்கு அதுவே கூட்டாளி. ஒரு அறையையே சுழலவிட்டு, பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடப்பதுபோல எடுத்த பாட்டைப் பற்றி இன்றும் சினிமாக்காரர்கள் பேசுவார்கள். 3டி கண்ணாடியால் 'மெட்ராஸ் ஐ' தொற்றும் என்று புரளி கிளம்பி, கண்ணாடி ஒவ்வொரு காட்சிக்கும் சுத்தம் செய்யப்படுகிறது என்று பெரிய நடிகர்களைக் கொண்டு படத்திலேயே சொல்லவைத்தார்கள். குழந்தையே துணையாக வரும் கதையும் உண்டு. தெலுங்கிலிருந்து டப் ஆகி வந்து ஓடு ஓடென்று ஓடிய 'அம்மன்' படத்தில் சாமியே சிறுமியாக வந்து ஒரு பெண்ணின் வீட்டில் வேலை செய்கிறாள். வீட்டுக்காரிக்கு அவள் யாரென்று தெரியாது. தியேட்டரில் சாம்பிராணி காட்டிய காலம் அது.

நம் நாட்டுப் படங்களில் பயமுறுத்தும் துணை பிறகு வந்தது. 2004இல் ராம்கோபால் வர்மா தயாரித்த இந்திப் படம் 'வாஸ்து சாஸ்திரா'வில் புது வீட்டுக்கு வந்த சிறுவன் தன் புதிய தோழர்களைப் பற்றிச் சொல்கிறான். குழந்தைதானே என்று பெரியவர்கள் விட்டுவிடுகிறார்கள். 2005இல் அமெரிக்காவில் வந்த 'ஹைட் அண்ட் சீக்' படத்தில் தாயை இழந்த சிறுமி 'சார்லி' என்று ஒருவனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறாள். அப்பாவாக ராபர்ட் டி நீரோ. இந்த இரண்டு படங்களையும் எங்கள் ஆட்கள் குறுந்தகட்டில் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இங்கேயும் அதே அச்சில் கதைகள் கிளம்பின.

அப்படி ஒரு படத்தில் எனக்கு வேலை வந்தது. சிறிய முதலீட்டுப் படம், புதிய இயக்குநர். பெயர் வேண்டாம். ஊருக்கு ஒதுக்குப்புறமான வீட்டில் குடியேறும் குடும்பம், ஏழு வயதுப் பெண் குழந்தை, அவளோடு பேசும் யாரோ ஒருவன். அவன் உண்மையில் பேயா, குழந்தையின் மனமா என்று கடைசிவரை சொல்லாமல் விடுவதுதான் கதையின் பலம். குழந்தையின் குரல் எனக்கு. அந்த 'யாரோ ஒருவன்' குரலுக்கு ஒரு கனத்த குரல்காரரை வைத்து, அதைக் கம்ப்யூட்டரில் இன்னும் கீழே இறக்கி, எதிரொலி சேர்த்துக்கொள்ளலாம் என்று இயக்குநர் தீர்மானித்திருந்தார். மாதிரிக்குப் போட்டும் காட்டினார். ஸ்பீக்கர் அதிர்ந்தது. எனக்கு உடன்பாடில்லை. அந்தக் குரல் வாயைத் திறந்த கணமே அது பேய் என்று ஆகிவிடுகிறது. பிறகு குழந்தையின் மனம் என்ற பாதி செத்துப்போகிறது. நண்பனின் குரலும் குழந்தையின் தொண்டையிலிருந்தே வரட்டும் என்று நான் கேட்டேன்.

இயக்குநர் 'எக்ஸார்சிஸ்ட்' படத்தைக் காட்டினார். நல்ல எதிர்வாதம்தான். 1973இல் வந்த அந்தப் படத்தில் ரீகன் என்ற சிறுமி ஓயிஜா போர்டு வைத்துக்கொண்டு 'கேப்டன் ஹௌடி' என்ற தன் கண்ணுக்குத் தெரியாத நண்பனோடு பேசுகிறாள். அம்மா சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போகிறாள். பின்னால் அந்தக் குழந்தையின் வாயிலிருந்து வரும் கொடூரமான குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகையுடையது. வானொலி நாடகங்களில் பேர்பெற்றவர், 1949ஆம் ஆண்டுப் படம் ஒன்றுக்காகத் துணை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியவர். அந்தக் கரகரப்புக்காக அவர் பச்சை முட்டையை விழுங்கினார், விட்டிருந்த மதுவைத் தொட்டார், சிகரெட்டாக ஊதித் தள்ளினார். கட்டுண்டு கிடக்கும் சிறுமியின் திணறல் வரவேண்டும் என்று தன்னை நாற்காலியில் கட்டச் சொல்லிப் பேசினார். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைப் படித்தால் சில நாள் தூக்கம் வராது. ஆனால் நான் இயக்குநரிடம் சொன்னது வேறு. மெக்கேம்பிரிட்ஜின் குரல் வருவது ரீகன் முழுக்கப் போன பிறகு. ஹௌடி நண்பனாக இருக்கும் கட்டத்தில் அவனுக்குக் குரலே கிடையாது. குழந்தை கேட்கிறது, குழந்தையே சொல்கிறது. அம்மாவும் நாமும் அந்த இடைவெளியை மட்டும்தான் பார்க்கிறோம். பயம் அந்த இடைவெளியில் ஊன்றப்படுகிறது, பின்னால் மெக்கேம்பிரிட்ஜ் அதை அறுவடை செய்கிறார்.

ஸ்டான்லி கூப்ரிக் 1980இல் எடுத்த 'ஷைனிங்' எனக்கு இன்னும் உறுதியான சாட்சி. டேனி என்ற சிறுவனின் நண்பன் 'டோனி' அவன் வாய்க்குள் குடியிருக்கிறான். டேனி ஆள்காட்டி விரலை மடக்கி மடக்கி ஆட்டிக்கொண்டு, தொண்டையைக் கரகரவென்று வைத்துக்கொண்டு டோனியாகப் பேசுவான். பெரிய எந்திரம் எதுவுமில்லை. ஒரு பிள்ளை தன் குரலைத் தானே கொஞ்சம் கசக்கிக்கொள்கிறது, அவ்வளவே. உலகத்துப் பேய்ப்படங்களில் அதைவிட உண்மையான நண்பன் குரலை நான் கேட்டதில்லை.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் எங்கள் தெருவில் இருந்த ஒரு சிறுமி. அம்மா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. விடியுமுன்னே கம்பெனி வேன் வந்து கூட்டுரோட்டில் நிற்கும். அப்பா லாரியில். குழந்தை ஆயாவின் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் இப்போது பாதி வீடுகள் இப்படித்தான். பெற்றவர்களின் ஷிப்ட் மாறும்போதெல்லாம் பிள்ளை எழும் நேரமும் தூங்கும் நேரமும் யாரோடு சாப்பிடுகிறது என்பதும் மாறும். அந்தப் பெண் வீட்டுக்குப் பின்னால் மோட்டார் கொட்டகைப் பக்கத்தில் உட்கார்ந்து 'ஜிம்மா' என்று யாரையோ கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பாள். ஆயா பயந்துபோய் என்னிடம் வந்து நின்றாள்.

"காத்து கருப்பு பட்டுக்குதும்மா. தனியா குந்திகினு பேசுது. பதிலு வேற வருது."

"யாரு பதில் சொல்றது?"

"அதுவேதான் சொல்லுது. வேற கொரல்ல."

கோவிலில் கயிறு வாங்கிக் கட்டியாயிற்று. வேப்பிலையும் அடித்தாயிற்று. அந்தக் கிழவியின் பயத்தை நான் குறைவாக எண்ணவில்லை. தூக்கிவந்து கையில் கொடுத்த பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் மகளுக்கு என்ன பதில் சொல்வது என்கிற பயம் அது. நான் போய் மோட்டார் கொட்டகைக்கு இந்தப் பக்கம் துணி துவைக்கிற சாக்கில் உட்கார்ந்துகொண்டேன். பல நாள் கேட்டேன்.

ஜிம்மாவுக்குக் கனத்த குரல் இல்லை. அவளுடைய குரலே ஒரு படி தாழ்ந்து, மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டே பேசுவது போல வரும். ஜிம்மா பேசும் நேரத்தில் அவள் தலை சற்று இடப்பக்கம் சாயும். எல்லாப் பதிலும் சத்தமாக வராது. நாலில் மூன்று தடவை அவள் வாய் மூடியிருக்கும், காது மட்டும் கேட்கும். அந்த மௌனத்தின் நீளம் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது. சின்னக் கேள்விக்குச் சின்ன மௌனம். பெரிய செய்திக்கு நீண்ட மௌனம், நடுவில் "ம்" கொட்டுவாள். நாங்கள் டப்பிங்கில் எதிராளி இல்லாமல் பேசும்போது விடுகிற இடைவெளி இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஜிம்மா பெரும்பாலும் பயந்தவனாக இருந்தான். அவனுக்கு இருட்டென்றால் பயம், லாரி ஹாரன் என்றால் பயம். அவள்தான் அவனுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க அம்மா நைட்டு வந்துரும், நீ தூங்கு" என்று அவள் ஜிம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

ஒரு நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஜிம்மா எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்து, பெரியவர்களுக்குப் புரியவைக்கிற பொறுமையோடு சொன்னாள்: "அவன் நெஜமா இல்ல பெரிம்மா. சும்மா."

அமெரிக்காவில் ஒரேகான் பல்கலைக்கழகத்தில் மார்ஜோரி டெய்லர் என்ற உளவியலாளர் இப்படிப்பட்ட குழந்தைகளை நெடுங்காலம் ஆராய்ந்தவர். 1999இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அவரும் கூட்டாளிகளும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் 65 சதவீதக் குழந்தைகளுக்கு ஏதாவதொரு கட்டத்தில் கற்பனைத் துணை இருந்திருக்கிறது. பொம்மைக்கு உயிர் கொடுத்துப் பேசுவதையும் சேர்த்த கணக்கு இது. இவர்களில் பெரும்பாலோர் தங்கள் துணை உண்மையில் இல்லை என்பதைத் தெளிவாக அறிந்தவர்கள். ஆராய்ச்சி செய்ய வந்தவரிடம் "இது விளையாட்டு, தெரியும்தானே" என்று குழந்தைகளே நினைவூட்டுவதுண்டு என்று அவர் எழுதுகிறார். மோட்டார் கொட்டகையில் நான் கேட்டதும் அதுவேதான். ஆயாவிடம் இதைச் சொன்னேன். பிள்ளை தூங்குகிறதா, சாப்பிடுகிறதா, மற்றப் பிள்ளைகளோடு சேர்கிறதா, யாராவது அடித்தார்களா, தொட்டார்களா என்பதைப் பாருங்கள், நண்பனைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றேன். அந்த நண்பன் குழந்தையைத் துன்பப்படுத்தச் சொன்னாலோ, குழந்தை நாளெல்லாம் நடுங்கினாலோ டாக்டரிடம் போகவேண்டும். அது வேறு விஷயம்.

டப்பிங் தியேட்டருக்குத் திரும்புகிறேன். இயக்குநர் பாதி இறங்கி வந்தார். படத்தின் முன்பாதிக்கு என் வழி, உச்சக்காட்சிக்கு அவர் வழி. இரண்டு குரலையும் ஒரே டேக்கில் பேச அனுமதி வாங்கினேன். தனித்தனி டிராக்காகப் பேசி ஒட்டினால் மூச்சு இரண்டு பேருடையது ஆகிவிடும், ஒரே நெஞ்சு என்பது காதுக்குத் தெரியாது. குழந்தைக்கு மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றேன். நண்பனுக்கு நாலு விரல் தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோனேன். சொல்லை உள்மூச்சில் பேசினேன். உள்மூச்சில் சில ஒலிகள் தெளிவாக விழாது. அதனால் நண்பனின் வசனங்களில் சில சொற்களை உதவி இயக்குநரோடு உட்கார்ந்து மாற்றினோம். பதில் வராத இடங்களில் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் கேட்டேன். கேட்கிற ஆளின் மூச்சுக்கு ஓர் ஓசை உண்டு. சவுண்ட் என்ஜினியர் அந்த இடங்களை மௌனமாக்கிவிடாமல், வெற்று அறையின் ஓசையைப் பதிவு செய்து அடியில் ஓடவிட்டார். நல்ல காதுள்ளவர்.

அந்தப் படத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வேலை என்னுடையதல்ல. குழந்தை பேசிக்கொண்டிருக்கும்போது அப்பா கதவுக்கு வெளியே வந்து நிற்கிறார். வசனம் கிடையாது. அப்பாவுக்குக் குரல் கொடுத்தவர், நீண்ட அனுபவஸ்தர், உள்ளே வந்துகொண்டிருந்த மூச்சைப் பாதியில் நிறுத்தினார். அவ்வளவுதான். மிக்ஸிங் முடிந்து போட்டுக் காட்டியபோது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த இடத்தில்தான். குழந்தை சாதாரணமாகத்தான் விளையாடுகிறது. பெரியவர் பயப்படுகிறார். அந்தப் பயம்தான் நமக்குத் தொற்றுகிறது. உச்சக்காட்சியில் அந்தக் கனத்த குரல் வந்து வீடே அதிர்ந்தது. அங்கே எனக்கு ஒன்றுமே ஆகவில்லை.

 1999இல் எம். நைட் ஷியாமளன் எடுத்த 'சிக்ஸ்த் சென்ஸ்', பதில் வராத இடத்தின் ரகசியத்தை முழுக்கத் தெரிந்த படம். தொடக்கக் காட்சிக்குப் பிறகு, அதில் வரும் மருத்துவரோடு படம் நெடுக ஒரு சிறுவன் மட்டுமே பேசுகிறான். விழித்திருக்கும் மற்றவர்கள் அவருக்குப் பதில் சொல்வதில்லை. முதல் தடவை பார்க்கும்போது நம் காது அதைக் கவனிப்பதில்லை. குரல் தொழிலில் இருப்பவர்கள் அந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை கேட்கவேண்டும். பதில் வராத வசனங்களை மட்டும் எண்ணிக்கொண்டே போனால் கதை முழுவதும் அங்கேயே திறந்து கிடப்பது தெரியும்.

பெயர் விஷயத்தையும் சொல்லியாகவேண்டும். 'எக்ஸார்சிஸ்ட்' முதலில் வெளியானபோது மெக்கேம்பிரிட்ஜின் பெயர் படத்தில் இல்லை. அவர் சண்டை போட்ட பிறகுதான் சேர்த்தார்கள். அதே கதை இருபது ஆண்டு கழித்து நம் பக்கத்தில் நடந்தது. 1993இல் ஃபாசில் இயக்கிய மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழு'. பின்னால் தமிழில் 'சந்திரமுகி' ஆனது. கங்கா என்ற பெண்ணின் நோய்க்கு வேர் அவள் சிறுவயதில் பெற்றோரைப் பிரிந்து வளர்ந்ததில் இருக்கிறது என்று அந்தப் படம் சொல்கிறது. பெற்றோர் விட்டுச்சென்ற குழந்தை வளர்ந்தும் தன் துணையைத் தேடிக்கொள்கிற கதைதான் அது. கங்காவாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. கங்காவாக மலையாளம் பேசியது பாக்கியலட்சுமி. அவளுக்குள் வெளிப்படும் நாகவல்லியாகத் தமிழில் சீறியது துர்கா என்ற நம் ஊர் டப்பிங் கலைஞர். ஒரே உடம்பு, இரண்டு பெண்களின் தொண்டை. ஆனால் இரண்டும் ஒருவர் குரலே என்றுதான் கேரளம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நம்பியது. 2016இல்தான் நாகவல்லியின் குரல் துர்காவுடையது என்று ஃபாசில் வெளிப்படையாக எழுதினார். அந்தச் செய்தியைப் படித்த அன்று நாங்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுப் பேசினோம். சிலர் அழுதோம். மற்றவர் உடம்புக்குள் புகுந்து பேசுகிறவர்கள் நாங்கள். உடம்புக்குரியவருக்கு எல்லாம் போய்ச் சேரட்டும், அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. ஆனால் குரல் யாருடையது என்று கேட்டால் பதில் இருக்கவேண்டும்.

கடைசியாக இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்போது 'ஒரிஜினல் குரல் வேண்டும்' என்று நடித்த குழந்தையையே டப்பிங்குக்கு அழைத்து வருவது கூடியிருக்கிறது. நல்லதுதான், எங்கள் பிழைப்புக்குக் கேடென்றாலும் படத்துக்கு நல்லது. வசனத்தைப் பேசட்டும், சிரிக்கட்டும், பாடட்டும். ஆனால் பேய்ப்படத்தின் அலறலை அந்தக் குழந்தையிடம் வாங்காதீர்கள். படப்பிடிப்பில் சுற்றிலும் ஐம்பது பேர், விளக்கு, வெளிச்சம், அம்மா. டப்பிங் தியேட்டரில் இருட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ஜினியர், ஹெட்போன் வழியாக நேராகக் காதுக்குள் இறங்கும் பயங்கர இசை. உண்மையான பயம் வரட்டும் என்று விளக்கை அணைத்துவிட்டுக் குழந்தையைக் கத்தவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். 'ஷைனிங்' படத்தில் டேனியாக நடித்த சிறுவனுக்குத் தான் நடிப்பது பேய்ப்படம் என்பதே தெரியாமல் கூப்ரிக் பார்த்துக்கொண்டார். அவ்வளவு கண்டிப்பான இயக்குநரே அதைச் செய்தார். நம் நாட்டிலும் விதி இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி குழந்தைக் கலைஞரை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக்கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்பு நிதியாகப் போடவேண்டும். இது டப்பிங் தியேட்டருக்குள்ளும் செல்லும் விதிதான். அலறல் வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிடுங்கள், எங்கள் தொண்டை அதற்குப் பழகியது. பேசிவிட்டுப் போன பிறகு டைட்டிலில் எங்கள் பெயரைப் போடுங்கள்.